நான்காவது பாட்டில்

கலிஃபோர்னியாவின் மெர்செட் நகரில் ஓர் உணவகம். அங்கே பரிமாறும் வேலையில் இருந்த பெண், கோகோ கோலா பாட்டில்களைக் குளிர்பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். வண்டிக்காரர் இறக்கிவிட்டுப் போன பெட்டிகள் குறைந்தது 36 மணி நேரமாகக் கவுன்ட்டருக்கு அடியில் தரையிலேயே கிடந்தன. யாரும் தட்டவுமில்லை, உருட்டவுமில்லை. மூன்று பாட்டில்களை உள்ளே வைத்தாயிற்று. நான்காவதைக் கையில் எடுத்து ஒன்றரை அடி தூரம்கூட நகர்த்தியிருக்க மாட்டார், கைக்குள்ளேயே வெடித்தது. உள்ளங்கையில் ஐந்து அங்குலத்துக்கு ஆழமான வெட்டு. ரத்தக்குழாயும் நரம்பும் கட்டைவிரல் தசையும் அறுந்துபோயின.

எஸ்கோலா எதிர் கோகோ கோலா பாட்டிலிங் கம்பெனி என்ற இந்த வழக்கில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1944 ஜூலை 5 அன்று தீர்ப்புச் சொன்னது. அந்தப் பெண்ணுக்குக் கீழே கிடைத்த வெற்றி நிலைத்தது. ஆனால் இந்த வழக்கை இன்றும் சட்ட மாணவர்கள் படிப்பதற்குக் காரணம் அந்த வெற்றி இல்லை. முடிவோடு ஒத்துப்போன ஒரு நீதிபதி, காரணத்தோடு ஒத்துப்போகாமல் தனியாகச் சில பக்கங்கள் எழுதினார். வேறு எந்த நீதிபதியும் அதில் சேரவில்லை. அவர் பெயர் ரோஜர் ட்ரேனர்.

அந்தப் பக்கங்கள் ஏன் தேவைப்பட்டன என்பதை வழக்கின் சாட்சியத்திலிருந்தே காட்டலாம். அன்றைய சட்டப்படி, காயம்பட்டவர் கம்பெனியின் கவனக்குறைவை நிரூபித்தால்தான் இழப்பீடு. ஓர் உணவக ஊழியர் அதை எப்படி நிரூபிப்பார்? பாட்டில் செய்த கண்ணாடிக் கம்பெனியின் வேதியியல் பொறியாளர் கூண்டில் ஏறி விளக்கினார்: ஒவ்வொரு அச்சிலிருந்தும் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, ஏறத்தாழ 600 பாட்டிலுக்கு ஒன்றை எடுத்து, சதுர அங்குலத்துக்கு 450 பவுண்டு அழுத்தத்தை ஒரு நிமிடம் கொடுத்துப் பார்க்கிறோம், பானத்தின் வழக்கமான அழுத்தம் 50 பவுண்டுக்கும் குறைவு, சோதனை ஏறக்குறைய தவறவே தவறாது. இதைக் கேட்டால் கம்பெனி ஜெயித்துவிடும்போலத் தோன்றும். ஆனால் அது புது பாட்டிலுக்கான சோதனை. காலி பாட்டில்கள் திரும்பி வந்து மறுபடி நிரப்பப்படுபவை. அவற்றில் விழுந்திருக்கும் கீறலை அந்தச் சோதனை பிடிக்காது. கம்பெனியின் சொந்த ஓட்டுநர் ஒருவர், பாட்டில்கள் வெடித்ததை முன்பும் பார்த்திருப்பதாகவும், ஏன் என்று தனக்குத் தெரியாது என்றும் சொன்னார்.

தலைமை நீதிபதி கிப்சன் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு, 'சம்பவமே சாட்சி' என்ற பழைய விதியைப் பிடித்துக்கொண்டது. கவனக்குறைவு இல்லாமல் இப்படி நடக்காது, பொருள் எதிராளியின் கட்டுப்பாட்டில் இருந்தது என்ற இரண்டையும் காட்டினால், கவனக்குறைவு இருந்ததென்று ஜூரி ஊகித்துக்கொள்ளலாம். இங்கே இரண்டாவது நிபந்தனை உதைத்தது. வெடிக்கும்போது பாட்டில் கம்பெனியின் கையில் இல்லை. எனவே, கைமாறிய பிறகு யாரும் அதை முரட்டுத்தனமாகக் கையாளவில்லை என்று காட்டினால் போதும் என விதியை இழுத்து நீட்டினார்கள்.

இந்த இழுப்பைத்தான் ட்ரேனர் ஏற்கவில்லை. கவனக்குறைவு தேவை என்று வாயால் சொல்லிக்கொண்டே, கம்பெனி தன் கவனத்தை எவ்வளவு நிரூபித்தாலும் ஜூரி அதைப் புறந்தள்ள இடம் கொடுக்கிறோம். அப்படியானால் கவனக்குறைவு இல்லாமலே பொறுப்பு உண்டு என்று வெளிப்படையாகச் சொல்லிவிடலாமே என்றார். அவர் அடுக்கிய காரணங்கள் எல்லாம் நடைமுறையானவை. காயத்தின் செலவு ஒரு தனி ஆளை நொறுக்கிவிடும். உற்பத்தியாளரோ காப்பீடு எடுத்து அதை விலையில் ஏற்றி எல்லார் மீதும் பரப்பிவிட முடியும். அடுத்த விபத்தைத் தடுக்கும் வழியும் அவர் கையில்தான் இருக்கிறது. வாங்குகிறவர் மூடியைத் திறந்து சோதித்து வாங்குவதில்லை, விளம்பரத்தையும் முத்திரையையும் நம்பி வாங்குகிறார். இன்னொன்று: அன்றைய ஒப்பந்தச் சட்டப்படி வாங்கியவர் கடைக்காரர் மீதும், கடைக்காரர் மொத்த வியாபாரி மீதும், அவர் உற்பத்தியாளர் மீதும் வழக்குப் போட்டுச் சுற்றிச் சுற்றி வரலாம். கடைசியில் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான் என்றால், நேரே அங்கேயே போகலாமே.

இந்த யோசனை வானத்திலிருந்து விழவில்லை. 1916-ல் நியூயார்க்கில் நீதிபதி கார்டோசோ, மரச்சக்கரம் நொறுங்கிய பியூக் கார் வழக்கில், வாங்கியவருக்கும் உற்பத்தியாளருக்கும் இடையே நேரடி ஒப்பந்தம் இருக்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார். ஆனால் அங்கேயும் கவனக்குறைவை நிரூபித்தாக வேண்டும். அந்த மிச்சச் சுவரைத்தான் ட்ரேனர் தட்டிப் பார்த்தார்.

நம் ஊர் வாசகருக்கு இங்கே ஒரு குழப்பம் வரும்: மாநிலத்துக்கு எப்படி ஓர் உச்ச நீதிமன்றம்? இந்தியாவில் நீதிமன்றங்கள் ஒரே ஏணி. சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மேலே டெல்லி, எந்தச் சட்டமானாலும். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி அரசமைப்பு, தனி ஏணி. ஒப்பந்தம், விபத்து இழப்பீடு, திருமணம், பெரும்பாலான குற்றங்கள் எல்லாம் மாநிலச் சட்டம். அவற்றில் மாநில உச்ச நீதிமன்றத்தின் சொல்லே கடைசிச் சொல்; கூட்டாட்சி அரசமைப்போ கூட்டாட்சிச் சட்டமோ தொடர்பான கேள்வி இருந்தால் மட்டுமே வாஷிங்டன், அதாவது அங்கிருக்கும் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தலையிட முடியும். பெயரை வைத்து ஏமாறவும் கூடாது. நியூயார்க்கில் 'சுப்ரீம் கோர்ட்' என்பது விசாரணை நீதிமன்றம். கார்டோசோ இருந்த 'கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ்'தான் உச்சி.

ட்ரேனர் 1900 பிப்ரவரி 12 அன்று யூட்டா மாநிலத்தின் பார்க் சிட்டியில் பிறந்தார். இன்று பனிச்சறுக்குக்குப் பேர்போன அந்த ஊர் அன்று வெள்ளிச் சுரங்க ஊர். பெற்றோர் அயர்லாந்திலிருந்து வந்தவர்கள். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்தார், அரசியல் அறிவியலில் முனைவர் பட்டமும் சட்டப் பட்டமும் அங்கேயே வாங்கினார், அங்கேயே சட்டப் பேராசிரியரானார். அவருடைய துறை வரி. 1933-ன் விற்பனை வரி, 1935-ன் வருமான வரி என்று கலிஃபோர்னியாவின் அடிப்படை வரிச் சட்டங்களை உருவாக்கியதில் அவர் கை உண்டு. நீதிபதியாக ஒரு நாள்கூட இருந்ததில்லை. 1940-ல் நேரே மாநில உச்ச நீதிமன்றத்தில் போய் உட்கார்ந்தார். இதைக் குறையாகச் சொன்னவர்கள் உண்டு. நான் அதை அவருடைய பலமாகவே பார்க்கிறேன். வரிச் சட்டம் எழுதியவருக்கு, ஒரு விதியின் சுமை கடைசியில் யார் தலையில் இறங்குகிறது என்று பார்க்காமல் இருக்கவே முடியாது. எஸ்கோலா பக்கங்களில் அந்தப் பார்வை அப்படியே தெரிகிறது.

அவர் அந்த நாற்காலிக்கு வந்த வழியும் சொல்லத்தக்கது. 1934-ல் வந்த அரசமைப்புத் திருத்தத்தின்படி, கலிஃபோர்னியாவில் ஆளுநர் பெயரைச் சொல்வார்; ஆளுநர் என்றால் அங்கே மக்கள் தேர்ந்தெடுத்த ஆட்சித் தலைவர், நம் முதலமைச்சருக்கு நிகர். மூன்று பேர் கொண்ட ஆணையம் அந்தப் பெயரை ஏற்க வேண்டும். தலைமை நீதிபதி, அட்டர்னி ஜெனரல், மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூத்த தலைமை நீதிபதி ஆகியோர்தான் அந்த மூவர். 1940-ல் ஆளுநர் கல்பர்ட் ஓல்சன் முதலில் சொன்ன பெயர் பெர்க்லியின் இன்னொரு பேராசிரியரான மேக்ஸ் ரேடின். ஆணையம் அவரை நிராகரித்தது. எதிர்த்து வாக்களித்தவர்களில் ஒருவர் அன்றைய அட்டர்னி ஜெனரல் ஏர்ல் வாரன். அதன் பிறகுதான் ட்ரேனர் பெயர் போனது, ஏற்கப்பட்டது.

அதோடு முடியாது. நீதிபதியின் பெயர் தேர்தலில் வாக்குச்சீட்டில் வரும். எதிர்த்து யாரும் நிற்க மாட்டார்கள். 'இவர் தொடரலாமா' என்ற ஒரே கேள்வி, ஆம் அல்லது இல்லை. முழுப் பதவிக்காலம் 12 ஆண்டுகள். பல பத்தாண்டுகள் இது ஒரு சடங்காகவே ஓடியது, யாரும் தோற்கவில்லை. 1986 நவம்பரில் சடங்கு உடைந்தது. தலைமை நீதிபதி ரோஸ் பேர்ட் தன் முன் வந்த மரண தண்டனை ஒவ்வொன்றையும் ரத்து செய்யவே வாக்களித்திருந்தார். அதை முன்வைத்து நடந்த பெரும் பிரசாரத்தில் அவரும், உடன் இருந்த குரூஸ் ரெய்னோசோ, ஜோசஃப் குரோடின் ஆகியோரும் ஒரே நாளில் பதவி இழந்தார்கள். ஏழில் மூன்று நாற்காலிகள். இந்த முறையின் கோளாறு எங்கே என்றால், வாக்குச்சீட்டில் இருப்பது பெயர் மட்டும். தீர்ப்பின் காரணங்கள் அதில் இல்லை. நூறு பக்கத் தீர்ப்பை முப்பது நொடி தொலைக்காட்சி விளம்பரம் சுருக்கிச் சொல்லிவிடும். நீதிபதி திருப்பிப் பேசவும் முடியாது. நிலுவையில் இருக்கும் வழக்கைப் பற்றி அவர் வாய் திறக்கக் கூடாது.

அந்த நீதிமன்றத்தின் அன்றாட வேலை முறை வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. இன்றைய விதிகளைச் சொல்கிறேன். மரண தண்டனை வழக்குகள் தாமாகவே உச்ச நீதிமன்றத்துக்கு வரும். மற்றவை நீதிமன்றம் விரும்பி எடுத்துக்கொண்டால்தான் உண்டு. மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பு சாதாரணமாக 30 நாளில் இறுதியாகும். இறுதியான பிறகு 10 நாளுக்குள் மனு உள்ளே இருக்க வேண்டும். வழக்கறிஞர்கள் வழுக்கி விழும் இடம் இது. 30 நாளும் காத்திருந்துவிட்டு, பிறகு இருக்கும் அந்தச் சின்ன இடைவெளியைத் தவறவிட்டால், பெரும்பாலும் கதவு மூடிவிடும். வந்த மனுவை ஆய்வு உதவியாளர்கள் குறிப்பாகச் சுருக்குவார்கள், வாராந்தரக் கூட்டத்தில் நீதிபதிகள் வாக்களிப்பார்கள். ஏழில் நான்கு வாக்கு வேண்டும். மனுவை மறுத்தால் கீழ்நீதிமன்றம் சொன்னது சரி என்று அர்த்தமில்லை. இந்த வழக்கை நாங்கள் எடுக்கவில்லை, அவ்வளவுதான். பெரும்பாலானவை மறுக்கப்படும். ஊருக்குத் தேவையான கேள்வி இது, ஒரு தனி மனிதரின் தோல்வி மட்டுமில்லை என்று காட்டுகிற மனுதான் தேறும்.

எடுத்துக்கொண்ட வழக்கில் வாய்மொழி வாதத்துக்குச் சாதாரணமாக ஒரு தரப்புக்கு அரை மணி நேரம். வாதம் முடிந்து வழக்கு ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து 90 நாளில் தீர்ப்பு வந்தாக வேண்டும். வராவிட்டால்? நீதிபதிக்குச் சம்பளம் கிடையாது. அலங்காரத்துக்குச் சொல்லவில்லை, மாநில அரசமைப்பின் ஆறாவது உறுப்பில் இருக்கும் விதி. தீர்ப்பை ஒத்திவைத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காக்க வைப்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு இதைப் படிக்கும்போது பெருமூச்சு வரும். இதனால் பாரம் முழுக்க வாதத்துக்கு முன்பே இறங்குகிறது. பொறுப்பேற்ற நீதிபதி ஏறக்குறைய தீர்ப்பு வடிவிலேயே ஒரு நீண்ட குறிப்பை முன்கூட்டியே சுற்றுக்கு விட்டுவிடுவார். அன்று வழக்கறிஞர் எதிரே பார்ப்பது, பாதி முடிவுக்கு வந்துவிட்ட ஏழு பேரை.

நான்கு வாக்கு என்ற கணக்கு எவ்வளவு நுட்பமானது என்பதற்கு 1948-ன் பெரெஸ் எதிர் ஷார்ப் வழக்கைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஆண்ட்ரியா பெரெஸ் மெக்சிகோ வம்சாவளி. அன்றைய கணக்கில் வெள்ளையர். சில்வெஸ்டர் டேவிஸ் கறுப்பர். லாஸ் ஏஞ்சல்ஸ் கவுன்டி அலுவலகம் திருமண உரிமம் தர மறுத்தது. 1850 முதலே இருந்த தடை அது; 1933-ல் ஃபிலிப்பினோக்களையும் தடுக்க 'மலாய் இனத்தவர்' என்ற சொல்லையும் சேர்த்திருந்தார்கள்.

வாதத்தின்போது ட்ரேனர் கவுன்டி வழக்கறிஞரிடம் ஓர் எளிய கேள்வி கேட்டார். சட்டம் சொல்கிற 'நீக்ரோ' என்பவர் யார்? எட்டில் ஒரு பங்கு ரத்தம் என்றால் தடையா, பதினாறில் ஒன்று என்றால்? வழக்கறிஞரிடம் பதில் இல்லை; நீதிமன்றம் எதுவும் அதற்கு விளக்கம் சொல்லியிருக்கவில்லை என்றார். அந்தப் பதிலின்மையே தீர்ப்பின் ஒரு தூணாயிற்று. யாரைத் தடுக்கிறது என்றே சொல்ல முடியாத சட்டம் தெளிவற்றது. இன்னொரு தூண், திருமண உரிமை இனத்துக்கு இல்லை, தனி ஆளுக்கு. தான் தேர்ந்தெடுத்த ஒருவருக்குப் பதில் வேறு யாரையாவது கட்டிக்கொள் என்பது உரிமை ஆகாது.

ஆனால் அந்தக் கருத்தில் ட்ரேனரோடு சேர்ந்தவர்கள் கிப்சனும் கார்ட்டரும் மட்டுமே. மூன்று பேர் எதிர். நான்காவது வாக்கு எட்மண்ட்ஸ் என்ற நீதிபதியிடமிருந்து வந்தது, அதுவும் வேறு காரணத்துக்காக. இருவரும் கத்தோலிக்கர்கள், திருச்சபை அனுமதிக்கும் திருமணத்தை அரசு தடுப்பது மத உரிமைக்கு எதிரானது என்றார் அவர். 4-3. முடிவுக்குப் பெரும்பான்மை உண்டு, காரணத்துக்குப் பெரும்பான்மை இல்லை. இந்த மாதிரித் தீர்ப்பை அடுத்த வழக்கில் மேற்கோள் காட்டுகிறவர் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இருந்தும் நின்றது ட்ரேனரின் காரணம்தான். 19 ஆண்டு கழித்து, 1967-ல், லவ்விங் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் அதே இடத்துக்கு வந்தது. அப்போது அங்கே தலைமை நீதிபதி, முன்பு ரேடினை நிராகரித்த அதே ஏர்ல் வாரன்.

ட்ரேனரின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு எது என்று கேட்டால், 1955-ன் கேஹன் வழக்கைச் சொல்வேன். அதில் அவர் தன்னையே மறுத்தார். லாஸ் ஏஞ்சல்ஸ் போலீசார் குதிரைப் பந்தயச் சூதாட்டத்தைப் பிடிக்க, தங்கள் தலைமையின் அனுமதியோடு, பக்கவாட்டு ஜன்னல் வழியாக ஒரு வீட்டுக்குள் புகுந்து, இழுப்பறைப் பெட்டிக்கு அடியில் ஒலிவாங்கி வைத்தார்கள். வேறு இடங்களில் கதவை உதைத்துத் திறந்தார்கள். சட்டத்தை மீறித்தான் செய்தோம் என்பதைக் கூண்டில் மறைக்கவுமில்லை. இப்படிக் கிடைத்த சாட்சியத்தை ஏற்கலாமா? ஏற்கலாம் என்று 1942-ல் கொன்சாலஸ் வழக்கில் எழுதியவரே ட்ரேனர்தான். போலீஸ்காரர் தவறு செய்தால் அவர் மீது தனியே வழக்குப் போடு, குற்றவாளியை ஏன் விட வேண்டும் என்பது பழைய வாதம்.

பதின்மூன்று ஆண்டுகளில் அவர் பார்த்தது வேறு. அத்துமீறிப் பிடித்த சாட்சியம் எப்போதாவது வரும் விதிவிலக்காக இல்லை, தினசரி நடைமுறையாக வந்துகொண்டே இருந்தது. தனியே வழக்குப் போடுவது என்ற மாற்று வழி தோற்றே போயிருந்தது. அப்படியானால் நீதிமன்றமே அந்த அத்துமீறலில் பங்குதாரர். கேஹனில் அந்தச் சாட்சியத்தை விலக்கி எழுதினார், இதுவும் 4-3. ஆறு ஆண்டு கழித்து, 1961-ல், மேப் வழக்கில் வாஷிங்டன் இதே விதியை எல்லா மாநிலங்களுக்கும் கொண்டுவந்தது. மனம் மாறிய நீதிபதிகள் பலர் உண்டு. பழைய தீர்ப்பை வேறுபடுத்திக் காட்டி, சந்து வழியாக வெளியேறுவார்கள். ட்ரேனர் முன்கதவு வழியாக வந்தார்.

சட்டமன்றத்தோடு மோதிய இடமும் உண்டு. 1961-ன் மஸ்காஃப் வழக்கு: கார்னிங் ஊர் அரசு மருத்துவமனையில் நோயாளி ஒருவர் ஊழியர்களின் கவனக்குறைவால் விழுந்து, ஏற்கெனவே முறிந்திருந்த இடுப்பு இன்னும் மோசமானது. அரசு அமைப்பு மீது வழக்குப் போட முடியாது என்ற பழைய பாதுகாப்பை ட்ரேனர் தூக்கி எறிந்தார். உள்ளாட்சிகள் பதறின. சட்டமன்றம் அந்தத் தீர்ப்பை இரண்டாண்டுக்கு நிறுத்தி வைத்து, 1963-ல் அரசின் பொறுப்பு எதில் உண்டு, எதில் இல்லை என்று விரிவான சட்டம் கொண்டுவந்தது. இதை நீதிமன்றத்தின் தோல்வியாக நான் படிப்பதில்லை. தலைமுறைகளாக யாரும் தொடாத கேள்வியைச் சட்டமன்றத்தின் மேசையில் கொண்டுபோய் வைத்தது அந்தத் தீர்ப்பு.

ஒப்பந்தக்காரர்கள் அவரை நினைவில் வைத்திருப்பது 1958-ன் டிரென்னன் வழக்குக்காக. பள்ளிக் கட்டட டெண்டர் நாளில், தளம் போடும் வேலைக்குத் துணை ஒப்பந்தக்காரர் தொலைபேசியில் 7,131.60 டாலர் என்றார். அதை நம்பி முதன்மை ஒப்பந்தக்காரரான டிரென்னன் தன் டெண்டர் தொகையைக் கணக்கிட்டார், வேலையும் கிடைத்தது. மறுநாள் போனால், கணக்கில் தவறு, 15,000-க்குக் குறைந்து முடியாது என்றார்கள். தேடி அலைந்து 10,948.60-க்கு வேறு ஆளைப் பிடித்தார். ஏற்பு என்ற சடங்கு நடக்காததால் ஒப்பந்தமே இல்லை என்பது பழைய பாடம். இன்னொருவர் நம்பி அடியெடுத்து வைப்பார் என்று தெரிந்தே சொன்ன சொல்லை, அவர் அடியெடுத்து வைத்த பிறகு பிடுங்க முடியாது என்றார் ட்ரேனர். இழப்பீடு அந்த வித்தியாசம், 3,817 டாலர்.

எஸ்கோலாவுக்குத் திரும்புவோம். அந்தப் பக்கங்கள் 19 ஆண்டு சட்டமாகாமல் கிடந்தன. 1955 கிறிஸ்துமஸுக்கு ஒரு பெண் தன் கணவர் கிரீன்மனுக்கு ஷாப்ஸ்மித் என்ற மரவேலை இயந்திரம் வாங்கிக் கொடுத்தார். ரம்பம், துளைப்பான், கடைசல் மூன்றும் ஒன்றில். 1957-ல் அதற்குத் தேவையான இணைப்புகளை வாங்கி, பெரிய மரத்துண்டு ஒன்றைக் கடைந்துகொண்டிருந்தபோது அது தெறித்துவந்து அவர் நெற்றியில் மோதியது. பாகங்களைச் சேர்த்துப் பிடிக்கும் திருகுகள் போதாதவை. சாதாரண அதிர்விலேயே மரத்தைத் தாங்கும் பகுதி நகர்ந்து பிடியை விட்டது. ஜூரி 65,000 டாலர் கொடுத்தது. உற்பத்தியாளரின் தற்காப்பு இதுதான்: உத்தரவாத மீறல் என்றால் நியாயமான காலத்துக்குள் எங்களுக்கு அறிவித்திருக்க வேண்டும், இவர் பத்தரை மாதம் கழித்து அறிவித்தார்.

1963 ஜனவரியில் கிரீன்மன் தீர்ப்பை எழுதியவர் ட்ரேனர். இம்முறை முழு நீதிமன்றமும் அவரோடு. அறிவிப்பு விதி வியாபாரிகளுக்கிடையே பொருந்தும். யாரிடமிருந்து பொருள் வந்தது என்றே தெரியாத, அடிபட்டுக் கிடக்கிறவருக்கு அது கண்ணிவெடி. இது ஒப்பந்தக் கேள்வியே இல்லை. குறையுள்ள பொருளைச் சோதிக்காமலே பயன்படுத்துவார்கள் என்று தெரிந்து சந்தையில் விட்டால், காயத்துக்கு உற்பத்தியாளர் பொறுப்பு. 1965-ல் சட்ட வல்லுநர்களின் அமைப்பான அமெரிக்கச் சட்டக் கழகம் தன் சட்டத் தொகுப்பின் 402ஏ பிரிவில் இதே போக்கில் விதி வகுத்தது. மாநிலம் மாநிலமாக அது ஏற்கப்பட்டது.

எல்லையையும் அவரே போட்டார். 1965-ன் சீலி வழக்கில் புது லாரி ஓடும்போது குதிரைபோல் குதித்தது; 11 மாதம் சரிசெய்து பார்த்தும் நிற்கவில்லை. ஒரு நாள் பிரேக் பிடிக்காமல் கவிழ்ந்தது, ஆனால் ஓட்டியவருக்குக் காயமில்லை. பொருள் சரியில்லை, வியாபாரம் கெட்டது என்பதற்கெல்லாம் கிரீன்மன் விதி வராது, அது ஒப்பந்தத்தின் வேலை என்றார். எழுத்திலிருந்த உத்தரவாதத்தின் பேரில் சீலிக்கு 20,899.84 டாலர் கிடைத்தது. கவிழ்ந்ததற்கான பழுதுச் செலவு கிடைக்கவில்லை. குதிப்புதான் கவிழ்த்தது என்று நிரூபிக்கப்படவில்லை.

1964-ல் தலைமை நீதிபதியானவர், 70 வயது நிறைவதற்குச் சற்று முன்பு, 1970-ல் ஓய்வு பெற்றார். முப்பது ஆண்டில் 900-க்கும் மேற்பட்ட தீர்ப்புகள். பிறகு சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தினார். 1983-ல் பெர்க்லியில் காலமானார்.

கிரீன்மன் தீர்ப்பை முதல்முறை படிக்கிறவருக்கு ஓர் ஏமாற்றம் காத்திருக்கும். இவ்வளவு பெரிய விதிக்கு அதில் காரணங்கள் மிகக் குறைவு. மொத்தமே சில பக்கங்கள். கண்டிப்பான பொறுப்பு ஏன் வேண்டும் என்பதை மறுபடி அலசத் தேவையில்லை, அது முன்பே சொல்லப்பட்டுவிட்டது என்று எழுதிவிட்டு, எங்கே சொல்லப்பட்டது என்று சில நூல்களையும் ஒரு வழக்கையும் குறிக்கிறார். அந்த வழக்கு: எஸ்கோலா எதிர் கோகோ கோலா, 24-ஆம் தொகுதி, பக்கம் 461, தனிக் கருத்து.